முகம் கோணினால் காசு போலியா?

கரூரில் அமராவதி ஆற்றுமணலைச் சலித்துக் காசு பொறுக்குகிறவர்களுக்கு அரசனின் முகத்தைவிட அது என்ன விலைக்குப் போகும் என்பதே பெரிது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அது அவர்கள் பிழைப்பு. குறை சொல்ல வேண்டியது அடுத்த படியில் நிற்கும் நம்மை. வாங்குகிறோம், விற்கிறோம், நாலு பேருக்கு விளக்கமும் சொல்கிறோம். ரோமானியக் காசு ஒன்று கைக்கு வந்தால், பார்த்த மாத்திரத்தில் 'ஒரிஜினல்', 'டூப்ளிகேட்' என்று தீர்ப்புச் சொல்லும் துணிச்சல் நம்மிடையே பெருகிவிட்டது. தீர்ப்புக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், யாரோ சொன்னதாக இருக்கும்.

ரோமானியக் காசின் சாயலில் இருந்தும் ரோமானிய அரசின் அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் கூடத்தில், பிறக்காத காசுகள் மூன்று வகைப்படும். அக்காலத்திலேயே, கைக்கு வந்த ரோமானியக் காசைப் பார்த்து உள்ளூரில் அடித்தவை முதல் வகை. இவற்றைச் சாயல் காசுகள் என்போம். அக்காலத்திலேயே ஏமாற்றுவதற்கென்று செய்த கள்ளக்காசுகள் இரண்டாம் வகை. பிற்காலத்தில் சேகரிப்பாளரின் பணப்பையைக் குறிவைத்துச் செய்த போலிகள் மூன்றாம் வகை. முதல் இரண்டும் தொல்பொருள்கள். மூன்றாவதற்கு அந்தத் தகுதி கிடையாது. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'போலி' என்று எழுதி ஒட்டிவிடுவதிலிருந்துதான் மற்ற எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

'உருவம் கோணல்மாணலாக இருந்தால் அது இப்போது செய்த போலி.'

எல்லாவற்றிலும் பரவலான நம்பிக்கை இதுதான்; அதிக நாசம் செய்ததும் இதுதான். தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் வெள்ளி டினாரியஸ் வகைகள் இரண்டு. ஒன்று ரோமப் பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்டது. ஒரு பக்கம் வாகைமாலை சூடிய அவர் தலை. மறுபக்கம் அவருடைய பேரர்களும் வளர்ப்பு மகன்களுமான காயஸ், லூசியஸ் இருவரும் நிற்க, நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். இன்றைய பிரான்சின் லியோன் நகரத்து அக்கசாலையில் கி.மு. 2 தொடங்கி அடித்தது. மற்றொன்று அவருக்கு அடுத்து வந்த பேரரசர் திபேரியஸ் வெளியிட்டது. அதன் மறுபக்கத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண்.

இவற்றின் சாயல் காசுகளும் இந்திய மண்ணில் கிடைத்துள்ளன. அகஸ்டஸ் காசின் சாயலை எடுத்துக்கொள்வோம். நிற்கும் இளவரசர்கள் இருவரும் குச்சி மனிதர்கள் ஆகியிருப்பார்கள். கேடயங்களுக்கு மேலே இருக்க வேண்டிய சடங்குக் கரண்டியும் குறிசொல்வோரின் வளைகோலும் பொருளற்ற இரண்டு கீறல்களாகச் சுருங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகள் கோடும் வட்டமும் அரைவட்டமுமாகத் தேய்ந்து, சில இடங்களில் தலைகீழாகவும் சில இடங்களில் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலம் மாறியும் நிற்கும்.

இது ஏன் நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். காசில் நேராக விழ வேண்டுமானால் அச்சில் எதிர்மறையாக வெட்ட வேண்டும். லத்தீன் தெரிந்த அக்கசாலைப் பணியாளனுக்கு அது பழகிய கை. ஒரு காசை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்ததைப் பார்த்தபடி அச்சில் வெட்டும் உள்ளூர்க் கம்மியனுக்கு எழுத்து என்பது வெறும் அலங்காரம். அவன் வெட்டியது காசில் புரண்டு விழும்; வலம் பார்த்த அரசன் இடம் பார்ப்பான். அவன் அடித்த காசைப் பார்த்து இன்னொருவன் அடுத்த அச்சை வெட்டும்போது எழுத்து இன்னும் ஒரு படி தேயும். ஆகவே இந்தக் கோணல், எழுத்தறியாத ஒரு கை அந்தக் காலத்தில் வேலை செய்ததற்கான தடயம். பல வேளைகளில் பழமைக்கே அதுதான் சாட்சி.

நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று இது. கி.பி. 274-இல், கால் (Gaul) நாட்டை ஆண்ட டெட்ரிகஸ், ரோமப் பேரரசர் அவுரேலியனிடம் பணிந்தபின், டெட்ரிகஸின் கதிர்முடி தரித்த தலையைக் காட்டும் சாயல் காசுகள் பிரான்சிலும் பிரிட்டனிலும் வெள்ளமாகப் பெருகின. சில நல்ல வேலைப்பாடு. சில சிறுபிள்ளை கிறுக்கியது போன்றவை. போகப்போக அளவு சுருங்கி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துணுக்குகள்கூட அடிக்கப்பட்டன. பிரிட்டன் அகழாய்வுகளில் இவை சாதாரணமாக வெளிப்படுகின்றன. அங்கே யாரும் அவற்றைக் குப்பையில் எறிவதில்லை, வகை பிரித்து ஆராய்கிறார்கள்.

நாம் மட்டும் ஏன் இப்படி நம்புகிறோம்? ரோமானியக் காசு என்று நமக்குத் தெரிந்தது பாடநூலிலும் அருங்காட்சியக அட்டையிலும் வரும் படம்தான். படத்துக்கென்று தேர்ந்தெடுப்பது எப்போதும் மிக அழகான காசு. அந்த அழகையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் அதில் தேறாததெல்லாம் போலியாகிவிடும். அப்படித் தேறாதவை எங்கே போகின்றன? வெள்ளியானால் உருக்குகிறவரிடம், செம்பானால் பழைய பாத்திரக் கடைக்கு. சாம்ராஜ்யத்தின் நல்ல டினாரியஸ்கள் உலக அருங்காட்சியகங்களில் ஆயிரக்கணக்கில் உள்ளன. இங்கே ஒரு கம்மியன் அடித்த சாயல் காசு உருகிப்போனால், அதற்கு மாற்று இல்லை.

'சாயல் காசு அடித்தவன் மோசடிக்காரன்.'

உருவம் பழையதுதான் என்று ஒப்புக்கொள்கிறவர்களும் அடுத்த வாக்கியத்தில் இங்கே வந்து விழுகிறார்கள். பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள்: கி.பி. 43-இல் பேரரசர் கிளாடியஸின் படை அங்கே புகுந்தது. படைவீரனுக்குச் சம்பளம் வெள்ளியிலும் தங்கத்திலும் வந்தது. ரொட்டிக்கும் மதுவுக்கும் கொடுக்கச் செப்புச் சில்லறை போதவில்லை. கேடயமும் ஈட்டியுமாக மினர்வா தேவி நிற்கும் கிளாடியஸின் செப்புக் காசைப் பார்த்துப் பார்த்து அங்கேயே அடித்தார்கள். கோல்செஸ்டர் போன்ற படைத்தளங்களில் இவை ஏராளம். எடை குறைவு, வேலைப்பாடு மட்டம் என்பது அன்றைக்குக் கையில் வாங்கியவனுக்கும் தெரிந்தே இருக்கும். தெரிந்தும் வாங்கினான். அதிகாரிகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள். ஒருவரும் ஏமாறாத இடத்தில் மோசடி எங்கிருந்து வரும்?

இதே கதை இந்தியப் பெருங்கடலின் கரையிலும் நடந்தது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சின்னஞ்சிறு ரோமானியச் செப்புக் காசுகள், சட்டைப் பொத்தான் அளவில் ஓரிரு கிராம் எடையில், இலங்கையிலும் தமிழகத்திலும் மிகுதியாகக் கிடைக்கின்றன. கரூர், மதுரைப் பகுதிகளில் கிடைத்தவற்றை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் தனி நூலாகவே வெளியிட்டார். இலங்கையில் இவற்றோடு சேர்ந்து உள்ளூர்ச் சாயல் காசுகளும் குவியல் குவியலாகக் கிடைத்தன. தேய்ந்த ஒரு தலை, பின்பக்கம் ஒரு சிலுவை அல்லது நிற்கும் உருவங்கள், எழுத்தின் இடத்தில் வெறும் கீற்றுகள். எச். டபிள்யூ. கோட்ரிங்டன் 1924-இல் எழுதிய இலங்கைக் காசுகள் பற்றிய நூலிலேயே, மாத்தறைப் பக்கம் கிடைத்த நைமனக் குவியலின் பெயரால் இவை தனி வகையாகக் குறிக்கப்படுகின்றன. இவ்வளவு சிறிய செப்புத் துணுக்கை மோசடிக்காக அடிப்பவன் கூலிக்குக்கூடச் சம்பாதிக்க மாட்டான். சந்தைக்குச் சில்லறை வேண்டியிருந்தது. பழகிய முகத்தில் அடித்தார்கள்.

ரோமானியக் காசை நம் முன்னோர் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கவும் இல்லை. கரூரில் கிடைத்த மாக்கோதை என்ற சேரன் காசில் ரோமானியப் பாணியில் ஒரு தலை இருக்கிறது, எழுத்தோ பழந்தமிழ் எழுத்தான தமிழி. பார்த்துக் கற்றுக்கொண்டு தன் பெயரைப் பொறித்துக்கொண்ட அரசன் அவன். இன்னொரு புறம், கொண்டாப்பூர், தேர் போன்ற தக்காணத்து ஊர்களில் திபேரியஸ் காசைப் பார்த்துச் சுட்டமண்ணில் செய்த வட்டுகள் கிடைத்தன. கோத்துக் கழுத்தில் அணியக் காதுவளையம் உண்டு. மண்ணில் செய்த காசைக் கொடுத்து யாரை ஏமாற்ற முடியும்? அது நகை. ஒரு சமூகம் வெளியூர்க் காசை எப்படியெல்லாம் தன்வயப்படுத்திக்கொண்டது என்பதை இந்தச் சாயல்கள்தாம் காட்டும். அசல் காசு காட்டாது. அவற்றை 'மோசடி' என்று தள்ளும்போது நாம் தள்ளுவது ரோமாபுரியின் வரலாற்றை அன்று, நம் வரலாற்றை.

'அப்படியானால் முரடாக இருப்பதெல்லாம் பழசு.'

இதுவும் தவறு. மேலே சொன்னதை அரைகுறையாகக் கேட்டவர்கள் பிடித்துக்கொள்வது இது. இன்றைய போலிக்காரனுக்கும் முரட்டு வேலை எளிது. தேய்ந்ததுபோலக் காட்டினால் தவறுகள் மறையும். முரட்டு உருவம் எதையும் நிரூபிப்பதில்லை. செய்த விதம் நிரூபிக்கும். பழைய சாயல் காசுகளில் பெரும்பாலானவை சம்மட்டியால் அடித்தவை. அடியில் உலோகம் நசுங்கி விரியும். விளிம்பில் வெடிப்பு விடும். எழுத்துக்கும் தளத்துக்கும் இடையே உள்ள மூலை கூர்மையாக இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் உலோகம் வெளிநோக்கி ஓடிய கோடுகள் தெரியும். சந்தையில் இன்று விற்கும் மலிவுப் போலிகள் அநேகமாக வார்ப்பு. தளத்தில் ஊசிமுனைக் குழிகள், மழுங்கிய மூலைகள், விளிம்பைச் சுற்றி அச்சுகள் இணைந்த வரி, அதை அரத்தால் ராவிய தடம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கையால் அடித்த இரண்டு காசுகள் ஒருபோதும் ஒரே விளிம்போடு, ஒரே வெடிப்போடு, ஒரே அளவு நடு விலகலோடு அமையா. அப்படி அமைந்த இரட்டையர்களை யாராவது காட்டினால், இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை.

வார்ப்பு என்றாலே நவீனம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ரோமானியக் காலத்தில் காசு வார்க்கப் பயன்பட்ட களிமண் அச்சுகள் பிரான்சிலும் பிரிட்டனிலும் எகிப்திலும் தோண்டியெடுக்கப்பட்டுள்ளன. அழகு ஒரு சான்றிதழும் அன்று. பதினாறாம் நூற்றாண்டில் பதுவா நகரத்து ஜியோவான்னி தா கவினோ, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் இருவரும் அச்சு வெட்டி அடித்த 'ரோமானிய'க் காசுகள் கண்ணைப் பறிப்பவை. பெரும் சேகரிப்பாளர்கள் ஏமாந்தது கோணல் முகத்திடம் அன்று, இந்தக் கச்சிதமான முகங்களிடம்.

'நல்ல வெள்ளி என்றால் அசல். உள்ளே செம்பு தெரிந்தால் இன்றைய போலி.'

செம்புத் துண்டின்மேல் வெள்ளித் தகடு போர்த்தி அடிக்கும் வித்தை ரோமானியக் குடியரசுக் காலத்திலேயே முற்றிப்போனது. கி.மு. 85 வாக்கில் காசைச் சோதிக்கும் முறை ஒன்றை அறிவித்ததற்காக மாரியஸ் கிராடிடியானஸ் என்ற அதிகாரிக்கு ரோம் மக்கள் தெருத்தெருவாகச் சிலை வைத்தார்கள். கள்ளக்காசின் தொல்லை எவ்வளவு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு வேடிக்கையைக் குறிப்பிடுகிறார்: ஒரு கள்ள டினாரியஸைப் பாடம் படிப்பதற்காகப் பல நல்ல காசுகள் கொடுத்து வாங்குகிறார்களாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அவர்களுக்கு இருந்த அந்தப் புத்தி இன்று நமக்கு இருந்தால் தேவலை. எனவே விளிம்பில் வெள்ளி உரிந்து செம்பு தெரியும் டினாரியஸ் பழைய கள்ளக்காசாக இருக்கலாம், அது தொல்பொருள்தான்.

அரசே கலப்படம் செய்த காலமும் உண்டு. பேரரசர் நீரோ கி.பி. 64-இல் டினாரியஸின் எடையையும் மாற்றையும் குறைத்தார். சுமார் 3.9 கிராமாக இருந்த காசு 3.4 கிராமுக்கு அருகில் இறங்கியது. அடுத்த இருநூறு ஆண்டில் நிலைமை முற்றி, 260-களின் முடிவில் 'வெள்ளி'க் காசு என்று அரசு வெளியிட்டதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் வெள்ளி. பார்வைக்குச் செம்பு; பிறப்பால் அசல். இதற்கு நேர்மாறாக, நம் நாட்டில் கிடைத்த தங்கச் சாயல் காசுகளில் நல்ல தங்கத்தில் அடித்தவை உண்டு. கர்நாடகத்தின் அக்கி ஆலூர்ப் புதையலில் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு அசல் தங்கக் காசுகளும் அவற்றின் சாயல்களும் ஒரே குவியலாக இருந்தன. சேர்த்துவைத்தவர் பிரித்துப் பார்க்கவில்லை. உரைகல்லில் மாற்று பார்ப்பது நகைக்குச் சரி; காசு எந்த அக்கசாலையில் பிறந்தது என்பதை அது சொல்லாது.

'தலையில் வெட்டு இருந்தால் கழித்துப்போட்ட காசு.'

1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காகுறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான அரசர்களுடையவை. பெரும்பாலானவற்றில் அரசன் தலைக்குக் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். காசாகச் செல்லாதபடி ஆக்கி, தங்கமாக மட்டும் எடைபோட்டுக்கொள்ள வெட்டினார்கள் என்பார் உண்டு. உள்ளே தங்கம்தானா என்று பார்க்க வெட்டினார்கள் என்பாரும் உண்டு. எப்படியானாலும் வெட்டுப்பட்டவை அசல் காசுகள். வெட்டு உள்ளுடலைத் திறந்து காட்டுவதால், முலாம் பூசிய கள்ளக்காசு அங்கேயே பிடிபடும். அந்த வெட்டைப் 'பழுது' என்று நினைத்து நிரப்பி மெருகேற்றுகிறவர் இருக்கிறாரே, அவரை என்ன சொல்வது!

'பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் பழையது; காந்தம் பிடித்தால் போலி; தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்.'

இவை மூன்றும் சேர்ந்தே உலவுவதால் சேர்த்தே பார்த்துவிடலாம். செம்பின்மேல் பச்சைக் களிம்பை ரசாயனத்தால் சில நாளில் ஏற்றிவிட முடியும். அதே வேளையில், ஆற்றில் கிடந்த உண்மையான காசு களிம்பே இல்லாமல் கறுத்தோ பழுப்பேறியோ வரும். காந்தம் இரும்பு போன்ற சில உலோகங்களை மட்டுமே காட்டும். வெள்ளி, செம்பு, ஈயம், பித்தளை எதையும் அது இழுக்காது. ஆகவே மிக மட்டமான ஈயப் போலியும் காந்தச் சோதனையில் முதல் வகுப்பில் தேறிவிடும். ஓசைச் சோதனைக்கு நல்ல வம்சாவளி உண்டு. காசு பார்ப்பவன் கண்ணால், தொட்டு, மோந்து, கடைசியில் எறிந்து ஓசை கேட்டுச் சோதிப்பான் என்று தத்துவ ஞானி எபிக்டெட்டஸ் எடுத்துக்காட்டு சொல்கிறார். ஆனால் அவர் காலத்துக் காசு புதுக் காசு. இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடி, ஓசை மங்கியிருக்கும். கீழே எறிந்தால் உடையவும் கூடும்.

களிம்பில் பழமையைத் தேடுபவர்களே அடுத்த நாள் புளியும் எலுமிச்சையும் போட்டுக் காசைத் தேய்ப்பதுதான் புரியாத விஷயம். நூற்றாண்டுகளாக இறுகிய களிம்புப் படலத்தில்தான் பல காசுகளின் எழுத்து நிற்கிறது. சிறிய செப்புக் காசுகளில் உலோகம் உள்ளே அரித்துப்போய், உருவம் அந்தப் படலத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கும். புளி படலத்தைக் கரைக்கும். அரசனும் அதோடு கரைவான். பித்தளைச் செம்பு பளபளக்க வேண்டும், பழங்காசு பளபளக்கத் தேவையில்லை.

'ரோமானியக் காசு என்றால் லட்சக்கணக்கில் விலை போகும்.'

கரூரில் கிடைப்பது போன்ற சின்னஞ்சிறு செப்புக் காசுகள் உலகச் சந்தையில் மிக மலிவான பழங்காசுகளில் சேர்த்தி. லட்சக் கனவு செய்யும் கெடுதல் ஒன்றுதான்: கிடைத்தவர் கிடைத்த இடத்தை மறைக்கிறார். காசு இரவோடிரவாகக் கைமாறி, 'எங்கோ கிடைத்தது' என்ற ஒற்றை வரியோடு சந்தைக்கு வருகிறது. அசல் காசுக்கு இடம் தெரியாவிட்டாலும், யார் அடித்தது, எந்தக் காலம் என்பது பெரும்பாலும் எழுத்திலிருந்து தெரியும். சாயல் காசில் படிக்க எழுத்தே இல்லை. எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில், எந்தக் காசுகளோடு கிடைத்தது என்பதுதான் அதன் ஒரே முகவரி. ஒரே அச்சில் அடித்த இரண்டு சாயல் காசுகள் இரண்டு ஊர்களில் கிடைத்தால், அவற்றுக்கிடையே போக்குவரத்து இருந்ததற்கு அதுவே சாட்சி. ஊர்ப்பெயர் தொலைந்தால் சாட்சியும் போயிற்று.

எனவே, மண்ணில் இப்படி ஒன்று கிடைத்தால் தேய்க்காதீர்கள், வெட்டிப் பார்க்காதீர்கள், 'போலி' என்று எறியாதீர்கள். சேர்ந்து கிடைத்தவற்றைப் பிரிக்காமல், இடத்தையும் நாளையும் குறித்துவையுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து எடுத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் பொருள் முழுதும் பறிபோய்விடும் என்பதும் செவிவழிச் செய்திதான். உரிமை கோருவோர் இல்லாத புதையலில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்காரருக்கும் என்கிறது சட்டம். அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தவருக்குத்தான் அந்தப் பங்கு கிடையாது.